ஊளம்பாறையும் கீழ்ப்பாக்கமும்

திருவனந்தபுரத்தில் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களிலும், அதனை அடுத்த சாலைக் கடைத்தெருவிலும் தமிழ்ப் பேச்சு நாள்தோறும் காதில் விழும். நகைக்கடை, பாத்திரக்கடை, பூக்கடை எனப் பல தொழில்களின் பொருட்டுத் தமிழ்க் குடும்பங்கள் இங்கு வந்து தங்கியுள்ளன. இரயில்வேயிலும் மைய அரசு அலுவலகங்களிலும் பணிபுரிவோரும் பலர். இவர்தம் பிள்ளைகள் வீட்டில் தமிழும் வீதியில் மலையாளமும் பேசி வளர்கின்றனர். அப்பிள்ளைகள் ஒருவரையொருவர் கேலி செய்யும்போது கையாளும் சொற்களுள் இரண்டு ஊர்ப்பெயர்கள் உண்டு. “இவனை ஊளம்பாறைக்கு அனுப்ப வேண்டும்” என்பான் மலையாளம் பேசும் நண்பன். “கீழ்ப்பாக்கம்” என்னும் ஒரே சொல்லோடு நிறுத்திக்கொள்வான் தமிழ் பேசும் நண்பன். இரண்டிற்கும் பொருள் ஒன்றே.

ஊளம்பாறை, பழவங்காடியிலிருந்து பேரூர்க்கடை செல்லும் வழியில் உள்ள ஓர் இடம். அங்குள்ள மனநல மருத்துவமனை 1870ஆம் ஆண்டில், ஆயில்யம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூரை ஆண்ட காலத்தில் தொடங்கப்பெற்றது. அக்காலத்தில் நாகர்கோவிலும் தக்கலையும் அதே அரசின் கீழ் இருந்தன என்பது நினைவில் கொள்ளத்தக்கது. கீழ்ப்பாக்கம் சென்னையின் ஒரு பகுதி. சென்னையில் மனநோயாளர்க்கென 1794ஆம் ஆண்டிலேயே ஒரு காப்பகம் அமைந்தது. பதினாறு பேரை வைத்துத் தொடங்கிய அக்காப்பகமே பின்னர் வளர்ந்து, 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம்பெயர்ந்தது. ஆக, இவ்விரு மருத்துவமனைகளும் நூற்றைம்பது ஆண்டுகளாக நோயுற்றோரைப் பேணி வந்துள்ளன. கண் மருத்துவமனை இருக்கும் ஊரின் பெயரைச் சொல்லி எவரும் எவரையும் ஏசுவதில்லை. மன மருத்துவமனை இருக்கும் ஊரின் பெயர் மட்டும் ஏசலாகிவிட்டது. இதனால் ஊருக்கு ஒரு குறைவும் இல்லை; ஆயினும் உதவி தேவைப்படும் ஒருவர் அவ்வூரின் பேருந்தில் ஏறத் தயங்குகிறார் என்பதுதான் இழப்பு.

திரைப்படமும் உண்மையும்

மனநல மருத்துவர் என்றவுடன் பலருக்கு நினைவில் எழுபவை இரண்டு திரைப்படங்கள். ஒன்று 1993இல் வெளிவந்த மலையாளப் படமான ‘மணிச்சித்திரத்தாழ்’. மற்றொன்று அக்கதையைத் தழுவி 2005இல் தமிழில் வந்த ‘சந்திரமுகி’. மலையாளப் படத்தின் சில காட்சிகள் குமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனையில் எடுக்கப்பட்டவை. இரண்டிலும் கதைநாயகர் மனநல மருத்துவரே. பேய் பிடித்ததாக எல்லாரும் அஞ்சும் ஒரு பெண்ணுக்கு வந்திருப்பது நோய் என்று அவர் கண்டறிகிறார். அந்த அளவில் அப்படங்கள் மக்களுக்கு நன்மையே செய்தன. ஆனால் அம்மருத்துவர் அரண்மனையில் ஒளிந்திருந்து துப்பறிகிறார்; ஓர் இரவில் நாடகம் ஒன்றை நடத்தி நோயைத் தீர்த்துவிடுகிறார். உண்மையான மருத்துவர் அவ்வாறு செய்வதில்லை. அவருடைய அறையில் ஒரு மேசை, சில நாற்காலிகள், இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஆகியவை இருக்கும். அவருடைய வேலையின் பெரும்பகுதி, கேட்பது.

மனநல மருத்துவர் முதலில் ஒரு மருத்துவர். அவர் ஏனைய மருத்துவர்களைப் போலவே எம்.பி.பி.எஸ். படித்து, உடற்கூறு, நோய்க்கூறு, மருந்தியல் அனைத்தையும் கற்றவர். அதன் பின்னர் மனநோய் மருத்துவத்தில் மூன்றாண்டுப் பட்ட மேற்படிப்பை முடிக்கிறார். மருந்து எழுதும் உரிமை அவருக்கு உண்டு. உளவியலாளர் என்பவர் வேறு. அவர் உளவியல் கற்று, சோதனைகள் மூலம் நினைவாற்றல், கவனம், அறிதிறன் முதலியவற்றை அளப்பார், பேச்சுவழிச் சிகிச்சை அளிப்பார், மருந்து எழுதமாட்டார். இவ்விருவரோடு மனநலச் செவிலியரும் சமூகப் பணியாளரும் சேர்ந்தால்தான் ஒரு நல்ல மனநலப் பிரிவு அமையும். மருத்துவரைத் தேடி அனைவரும் ஓடுகின்றனர். ஆனால் நோயாளியின் வீட்டுக்குச் சென்று, அவர் வேலைக்குத் திரும்ப வழி செய்யும் சமூகப் பணியாளரின் பெயரைப் பெரும்பாலோர் அறிவதில்லை.

முதல் சந்திப்பில் மருத்துவர் பலவற்றைக் கேட்டறிகிறார். துன்பம் எப்போது தொடங்கியது? உறக்கம் எப்படி? பசி எப்படி? முன்பு விரும்பிச் செய்தவற்றில் இப்போதும் விருப்பம் உள்ளதா? பிறர் காதில் விழாத குரல்கள் கேட்கின்றனவா? குடும்பத்தில் எவருக்கேனும் இத்தகைய துன்பம் இருந்ததா? மது, புகையிலைப் பழக்கம் உண்டா? இக்கேள்விகளுக்கு விடை சொல்லும் முறையையும் அவர் கவனிக்கிறார். பேச்சு விரைவாக உள்ளதா, தயங்கித் தயங்கி வருகிறதா, கண்ணைப் பார்க்கிறாரா, ஓர் எண்ணத்திலிருந்து மற்றோர் எண்ணத்துக்குத் தொடர்பின்றித் தாவுகிறாரா என்பனவெல்லாம் அவருக்குக் குறிப்புகள். காய்ச்சலை அளக்க வெப்பமானி உள்ளது. சர்க்கரையை அளக்க இரத்தச் சோதனை உள்ளது. மனச்சோர்வை அளந்து காட்டும் இரத்தச் சோதனை இன்றுவரை இல்லை. ஆகவே சொற்களே இங்குச் சோதனைக் கருவி.

இரத்தச் சோதனையே தேவையில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. தைராய்டு சுரப்பி குறைவாகச் சுரந்தால் சோர்வும் மந்தமும் உண்டாகும். வைட்டமின் பி12 குறைந்தால் மறதியும் மனக்கலக்கமும் தோன்றலாம். முதியவர் ஒருவர் ஒரே நாளில் திடீரெனப் பிதற்றத் தொடங்கினால், சிறுநீர்த் தொற்றோ உப்புச்சத்துக் குறைவோகூடக் காரணமாக இருக்கலாம். எனவே நல்ல மனநல மருத்துவர் முதலில் உடலைச் சோதித்து, அங்கே காரணம் இல்லை என்று தெளிந்த பின்னரே மனநோய்க்குப் பெயர் சூட்டுவார்.

‘விஷமம்’ என்ன சொல்கிறது?

சொற்களே கருவி என்றால், அச்சொற்கள் எந்த மொழியில் உள்ளன என்பது பெரிய கேள்வியாகிவிடுகிறது. வேற்றுமொழி பேசும் நகரில் வாழும் குடும்பங்களுக்கு இது வெறும் இலக்கணச் சிக்கலாக நின்றுவிடுவதில்லை.

பழவங்காடியில் மகன் வீட்டில் வந்து தங்கியுள்ள ஒரு பாட்டியை எடுத்துக்கொள்வோம். வயது எழுபது. தென்காசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவர்; மலையாளம் அறியாதவர். கணவர் மறைந்த பின் ஊரில் தனியே இருக்க வேண்டாம் என்று அழைத்துவந்திருக்கின்றனர். சில மாதங்களாக அவருக்கு உறக்கமில்லை, உணவில் நாட்டமில்லை, பேச்சும் குறைந்துவிட்டது. மருத்துவரிடம் அழைத்துச் செல்கின்றனர். மருத்துவர் கனிவோடு, “அம்மே, விஷமம் உண்டோ?” என்று கேட்கிறார். பாட்டி சற்றே முகம் சுளித்து, “எனக்கு ஒரு விஷமமும் கிடையாதுய்யா” என்கிறார். மலையாளத்தில் விஷமம் என்றால் வருத்தம். தமிழில் விஷமம் என்றால் குறும்பு, வம்பு. மருத்துவர் வருத்தத்தைப் பற்றிக் கேட்டார். பாட்டி, தாம் வம்புக்காரி இல்லை என்று விடையளித்தார். வருத்தம் இல்லை என்று மருத்துவர் குறித்துக்கொண்டால், நோயின் தலையாய அடையாளமே விடுபட்டுப்போகும்.

இத்தகைய சொற்கள் இன்னும் உள்ளன. ‘சங்கடம்’ என்பது மலையாளத்தில் துக்கம். தமிழில் தர்மசங்கடமான நிலை, இக்கட்டு. ‘பேடி’ என்பது மலையாளத்தில் அச்சம். தமிழில் அது ஒருவரை இழித்துரைக்கும் சொல். “பேடி உண்டோ?” என்று கேட்டால் தமிழர் சினம் கொள்ளவும் கூடும். உறவுமொழிகள் என்பதாலேயே இந்தக் குழப்பம் நேர்கிறது. முற்றிலும் தெரியாத மொழி என்றால் இருவரும் எச்சரிக்கையாக இருந்திருப்பர். பாதி புரிவதால் முழுதும் புரிந்ததாக இருவரும் எண்ணிவிடுகின்றனர்.

இதற்கு மறுபுறமும் உண்டு. தமிழில் மனத்துன்பத்தை உடலின் மொழியில் கூறுவது இயல்பு. “நெஞ்சு படபடங்குது”, “வயித்தைப் பிசையுது”, “மண்டை காயுது”, “மனசு பாரமா இருக்கு” என்று சொல்வோரைக் காண்கிறோம். இவற்றைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் இதய நோய், வயிற்று நோய் என்றே தோன்றும். அனுபவமுள்ள மருத்துவர்கள் இதனை அறிவர். படபடப்புக்கு இதயச் சோதனை செய்து, அது நன்றாக இருப்பதைக் கண்டு, பின்னர் மனப்பதற்றத்தைப் பற்றி விசாரிப்பர்.

இவ்விடத்தில் இரு மொழியும் அறிந்த பேரப்பிள்ளையே பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளராக அமர்த்தப்படுகிறான். மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்வதும், எந்த மாத்திரை காலையில், எது இரவில் என்று விளக்குவதும் பிள்ளைகள் செய்யக்கூடிய உதவிகளே. ஆனால் பாட்டியின் உள்ளத்துயரைக் கேட்டுப் பெயர்த்துச் சொல்வது பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் மேல் சுமத்தத்தக்க சுமையன்று. “வாழப் பிடிக்கவில்லை” என்று பாட்டி சொன்னால் பிள்ளை அதனை எப்படித் தாங்கும்? பேரன் எதிரே இருக்கிறான் என்பதற்காகவே பாட்டி அதனைச் சொல்லாமல் விழுங்கிவிடவும் கூடும். ஆதலால் தமிழறிந்த செவிலியரையோ மருத்துவரையோ கேட்டுப் பெறுவது நன்று. திருவனந்தபுரத்தில் தமிழறிந்தோர் கிடைப்பது அரிதன்று. சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயின் தன்மையையும் சிகிச்சையையும் பற்றிய செய்திகளை நோயாளிக்குப் புரியும் மொழியில் தெரிவிக்க வேண்டும் என்று கூறுகிறது.

மருந்து வந்த கதை

மனநோய்க்கு நம்பத்தக்க மருந்துகள் கிடைத்து இன்னும் நூறு ஆண்டுகள்கூட ஆகவில்லை. அதற்கு முன் காப்பகங்களால் காக்க முடிந்தது. குணப்படுத்த முடிந்தது குறைவே. இக்கதையில் நம் நாட்டு மூலிகை ஒன்றும் இடம்பெறுகிறது. அதன் பெயர் சர்ப்பகந்தி. மேற்குத்தொடர்ச்சி மலைக் காடுகளிலும் விளையும் இச்சிறு செடியின் வேர், நெடுங்காலமாக நாட்டு மருத்துவத்தில் பயன்பட்டு வந்தது. 1931இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இருவர், இவ்வேர் இரத்தக் கொதிப்பையும் மனநோயின் கொந்தளிப்பையும் தணிப்பதாக எழுதினர். 1952இல் சுவிட்சர்லாந்தில் அவ்வேரிலிருந்து ரெசர்பின் என்னும் மருந்துப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. சில ஆண்டுகள் அது உலகெங்கும் மனநோய்க்கு வழங்கப்பட்டது. பின்னர் பக்கவிளைவுகளின் காரணமாக அதன் இடத்தை வேறு மருந்துகள் பிடித்துக்கொண்டன.

அவற்றுள் முதன்மையானது குளோர்புரோமசின். அதே 1952இல் பாரிசு நகரில் மனநோயாளர்க்கு அது கொடுக்கப்பட்டது. குரல்கள் கேட்பதாலும் எவரோ தம்மைக் கொல்ல வருவதாக நம்புவதாலும் துன்புற்றோர் அதனால் அமைதியடைந்தனர். அதற்கு மூன்றாண்டு முன்னர், 1949இல், ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜான் கேடு என்னும் மருத்துவர், லித்தியம் என்னும் எளிய உப்பு அளவுகடந்த எழுச்சிநிலையைத் தணிப்பதைக் கண்டறிந்தார். லித்தியம் இன்றும் வழக்கில் உள்ளது. அதனை உண்போர் காலந்தோறும் இரத்தத்தில் அதன் அளவைச் சோதித்துக்கொள்ள வேண்டும். குறைந்தால் பயனில்லை, மிகுந்தால் நஞ்சு.

மருந்துகள் எவ்வாறு வேலை செய்கின்றன? மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. ஓர் அணுவுக்கும் அடுத்த அணுவுக்கும் இடையே மிக நுண்ணிய இடைவெளி உண்டு. செரட்டோனின், டோபமின் போன்ற வேதிப்பொருள்கள் அவ்விடைவெளியைக் கடந்து செய்தி கொண்டுசெல்கின்றன. மனநல மருந்துகளுட் பல, இச்செய்தியாளர்களின் நடமாட்டத்தைக் கூட்டியோ குறைத்தோ மாற்றுகின்றன. “செரட்டோனின் குறைந்தால் மனச்சோர்வு, மாத்திரை அதனை நிரப்பும்” என்று முன்னர் எளிமையாகச் சொல்வது வழக்கம். உண்மை அவ்வளவு எளிதன்று. மாத்திரை உண்ட சில மணி நேரத்திலேயே மூளையில் செரட்டோனினின் நிலை மாறத் தொடங்குகிறது. ஆனால் மனச்சோர்வு தணிய இரண்டு முதல் நான்கு வாரமோ அதற்கு மேலோ ஆகிறது. இடைப்பட்ட காலத்தில் நரம்பணுக்களின் இணைப்புகள் மெல்ல மெல்ல மாறுகின்றன என்று ஆய்வாளர் கருதுகின்றனர்.

இந்தக் கால இடைவெளியை அறியாமையால் பலர் ஏமாறுகின்றனர். தலைவலி மாத்திரை அரைமணியில் வேலை செய்வதைப் பார்த்துப் பழகியவர்கள், நான்கு நாள் உண்டு பயனில்லை என்று மருந்தைத் தூக்கி எறிகின்றனர். வேறு சிலர் இரண்டு மாதத்தில் நன்கு தேறியதும் “இனி எதற்கு?” என்று நிறுத்துகின்றனர், நோய் திரும்பி வருகிறது. மனச்சோர்வுக்கான மருந்தை, தேறிய பின்னும் குறைந்தது ஆறு மாதம் தொடருமாறு மருத்துவர்கள் கூறுவது இதனால்தான். நிறுத்தும்போதும் சிறிது சிறிதாகவே குறைப்பர். வாய் உலர்தல், உறக்கம், எடை கூடுதல், கை நடுக்கம் முதலிய பக்கவிளைவுகள் சிலருக்கு உண்டாகும். அவற்றை மறைக்காமல் மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார்.

“எல்லாம் தூக்க மாத்திரைதான், பழகிவிட்டால் விட முடியாது” என்னும் பேச்சு ஊரெங்கும் உண்டு. பதற்றத்துக்கும் உறக்கமின்மைக்கும் கொடுக்கப்படும் சில மாத்திரைகள் நெடுநாள் உண்டால் பழக்கமாகிவிடக்கூடியவை என்பது உண்மை. அதனால் அவற்றைக் குறுகிய காலத்துக்கே எழுதுவர். மனச்சோர்வு, மனச்சிதைவு ஆகியவற்றுக்கான மருந்துகள் அவ்வகையைச் சேர்ந்தவை அல்ல.

வேறு மாநிலத்தில் வாழும் குடும்பங்களுக்கு மட்டும் உரிய இடர் ஒன்று உள்ளது. பொங்கலுக்கோ கோயில் கொடைக்கோ சொந்த ஊருக்குச் செல்லும்போது மாத்திரை தீர்ந்துபோகும். திரும்பியபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவர். மருந்துச் சீட்டை உடன் கொண்டுசென்றால் இத்தடை நீங்கும். மருந்தின் பெயர் எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் ஒன்றே. நாகர்கோவிலை அடுத்த ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அச்சீட்டைக் காட்டினால் அங்குள்ள மருத்துவருக்கு அது விளங்கும். “ஊருக்குப் போகும்போது காட்டிக்கொள்ளலாம்” என்று சிகிச்சையையே ஆறுமாதம் தள்ளிப்போடுவது இதனினும் கெடுதி.

மின்னதிர்ச்சிச் சிகிச்சையைப் பற்றியும் ஒரு சொல். 1938இல் உரோம் நகரில் தொடங்கிய இம்முறையைத் திரைப்படங்கள் தண்டனை போலக் காட்டி வந்துள்ளன. இன்று நோயாளிக்கு மயக்கமருந்தும் தசைதளர்த்தும் மருந்தும் கொடுத்த பின்னரே, சில நொடிகள் மட்டும் மின்சாரம் செலுத்தப்படுகிறது. உணவையே மறுக்கும் அளவுக்கு முற்றிய மனச்சோர்வில் இது விரைந்து பயன் தருவது. மயக்கமருந்தின்றி இதனைச் செய்வதைச் சட்டம் தடை செய்துள்ளது.

பேச்சே மருந்தாதல்

எல்லா மனத்துன்பத்துக்கும் மாத்திரை தேவையில்லை. மிதமான மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் பேச்சுவழிச் சிகிச்சையே முதலில் போதுமானதாக அமையலாம். இதனை “அறிவுரை கூறுதல்” என்று நினைப்பவர் உண்டு. அறிவுரை கூறுவதற்கு உறவினர்களே போதும். அதற்குப் பஞ்சமும் இல்லை. இச்சிகிச்சை வேறு வகைப்பட்டது.

தேர்வு நெருங்கும்போது வயிறு கலங்கி, கை வியர்த்து, படித்ததெல்லாம் மறந்துபோகும் ஒரு மாணவியைக் கருதுவோம். “பயப்படாதே” என்றால் பயம் போகாது. உளவியலாளர் அவளிடம் ஒரு தாளைத் தந்து, பயம் எழும் நொடியில் மனத்தில் ஓடும் எண்ணத்தை எழுதச் சொல்வார். அவள் எழுதுகிறாள்: “கணக்கில் தோற்றுவிடுவேன். அப்பா முகத்தில் விழிக்க முடியாது. என் வாழ்க்கையே முடிந்தது.” அவ்வெண்ணத்துக்குச் சான்று என்ன, எதிர்ச்சான்று என்ன என்று இருவரும் ஆராய்கின்றனர். சென்ற மூன்று தேர்வுகளில் என்ன மதிப்பெண்? ஒரு தேர்வில் தவறியவர்கள் மறுதேர்வு எழுதியதில்லையா? தோற்றபோது அப்பா உண்மையில் என்ன செய்தார்? இவ்வாறு ஆராய்ந்து, எண்ணத்தை உண்மைக்கு அருகில் கொண்டுவருகின்றனர். அதனோடு, அஞ்சி ஒதுக்கிய கணக்குகளை நாளுக்கு இரண்டாக எதிர்கொள்ளும் பயிற்சியும் நடைபெறும். வீட்டுப்பாடமும் உண்டு. எட்டு, பத்து, பன்னிரண்டு வாரங்கள் இது தொடரும். எண்ணம் மாறினால் உணர்வு மாறும், நடத்தை மாறினாலும் உணர்வு மாறும் என்பது இதன் அடிப்படை. 1960களில் அமெரிக்க மருத்துவர் ஆரன் பெக் இம்முறைக்கு வழிவகுத்தார்.

அங்குப் பேசியதை மருத்துவரோ உளவியலாளரோ பள்ளிக்கும் அண்டைவீட்டாருக்கும் சொல்லமாட்டார். இரகசியம் காப்பது அவருடைய கடமை. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும், காப்பாற்றக்கூடியவர்களுக்குத் தெரிவிப்பார்.

குடும்பத்தைச் சிகிச்சையில் பங்குபெறச் செய்ததில் நம் நாட்டுக்குத் தனிப்பெருமை உண்டு. மேலைநாட்டுக் காப்பகங்கள் நோயாளியை வீட்டாரிடமிருந்து பிரித்தே வைத்தன. 1957இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி பாகாயத்தில் தொடங்கிய மனநல மையத்தில், உறவினர் ஒருவர் நோயாளியோடு தங்கியிருக்கும் வழக்கம் ஏற்பட்டது. உடன் தங்குபவர் நோயைப் பற்றிக் கற்றுக்கொள்கிறார். வீடு திரும்பிய பின் மருந்து தவறாமல் பார்த்துக்கொள்கிறார். நோயாளியும் தாம் கைவிடப்படவில்லை என்று உணர்கிறார்.

கீழ்ப்பாக்கத்தை மாற்றியமைத்தவர்களுள் சாரதா மேனன் குறிப்பிடத்தக்கவர். மங்களூரில் பிறந்து, சென்னையில் மருத்துவம் கற்ற இவர், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படுகிறார். 1961இல் அம்மருத்துவமனையின் கண்காணிப்பாளராகி, 1978வரை பணியாற்றினார். நோயாளர்கள் சும்மா அடைந்துகிடப்பதை விடுத்து, தொழில் பயின்று ஊதியம் ஈட்டும் வாய்ப்பினை ஏற்படுத்தினார். ஓய்வுபெற்ற பின், 1984இல், மனச்சிதைவு நோயாளர்க்கென ‘ஸ்கார்ப்’ என்னும் நிறுவனத்தைச் சென்னையில் தோற்றுவித்தார். 1992இல் பத்ம பூஷண் விருது பெற்றார். 2021இல் தம் 98ஆம் வயதில் மறைந்தார். மலையாளப் பெயர் தாங்கிய ஒருவர் தம் வாழ்நாள் முழுவதும் தமிழ் நோயாளரின் சொற்களைக் கேட்டு வாழ்ந்தார் என்பது இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சுவையான செய்தியாக இருக்கும்.

ஏர்வாடிக்குப் பின்

இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் புகழ்பெற்ற தர்கா ஒன்று உள்ளது. மனநோய் தீரும் என்னும் நம்பிக்கையோடு பல மதத்தவரும் அங்கு வருவர். அதனைச் சுற்றித் தனியார் காப்பகங்கள் பல பெருகியிருந்தன. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில், ஒரு காப்பகத்தின் ஓலைக் கொட்டகையில் தீப்பிடித்தது. அங்கிருந்த நோயாளர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். தப்பியோட இயலாமல் 28 பேர் இறந்தனர். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து இதனை வழக்காக எடுத்துக்கொண்டது. அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன.

இந்நிகழ்ச்சியைக் கொண்டு வழிபாட்டை இகழ்வது பொருந்தாது. கோயிலிலும் தர்காவிலும் கிடைக்கும் ஆறுதல் பொய்யன்று. தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றில் சில வாரம் தங்கிய 31 மனநோயாளர்களை மருத்துவர்கள் ஆராய்ந்து, அன்பான சூழலில் மட்டுமே அவர்களின் நோய்க்குறிகள் ஓரளவு தணிந்ததை 2002இல் ஓர் ஆய்விதழில் வெளியிட்டுள்ளனர். அங்கே எவரும் எவரையும் விரட்டவில்லை. எளிய வேலைகளைச் செய்துகொண்டு அவர்கள் அமைதியாக வாழ்ந்தனர். தீங்கு விளைத்தது சங்கிலி. மருந்தை மறுத்து வழிபாட்டை மட்டும் வைத்துக்கொண்டதும் தீங்கே. இதனை உணர்ந்து, ஏர்வாடி தர்காவிலேயே வழிபாட்டோடு மருத்துவமும் கிடைக்கும் திட்டம் ஒன்றைத் தமிழ்நாட்டு அரசு பின்னர் நடைமுறைப்படுத்தியது.

முன்னர்க் கூறிய மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்று அது தெளிவாக விதிக்கிறது. தற்கொலைக்கு முயன்ற ஒருவரைக் கடும் மனஅழுத்தத்தில் இருந்தவராகவே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்குப் பராமரிப்பு அளிப்பது அரசின் கடமை என்றும் கூறுகிறது. அடைத்து வைப்பதே மருத்துவம் என்றிருந்த காலம் போய், பெரும்பாலோர் வெளிநோயாளராக வந்து மருந்து பெற்று அன்றே வீடு திரும்புகின்றனர். ஊளம்பாறையின் வாயிலிலும் அதனைக் காணலாம்.

எனினும் குறை தீரவில்லை. பெங்களூருவின் நிமான்ஸ் நிறுவனம் 2015–16இல் தமிழ்நாடு, கேரளம் உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, வயதுவந்தோருள் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு உள்ளது. அவர்களுள் பெரும்பாலோருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை. நாட்டில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு மனநல மருத்துவர் என்னும் அளவுகூட இன்னும் எட்டப்படவில்லை. இக்குறையைப் போக்கவே மாவட்ட மனநலத் திட்டம் 1996 முதல் நாட்டில் நடைபெற்று வருகிறது. அதன்படி மனநலக் குழு தாலுகா மருத்துவமனைகளுக்கும் ஆரம்பச் சுகாதார நிலையங்களுக்கும் குறித்த நாள்களில் செல்கிறது. ஆகவே ஊளம்பாறைக்குச் செல்லத் தயங்குவோரும் அருகிலுள்ள நிலையத்திலோ, திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியின் மனநோய்ப் பிரிவிலோ மருத்துவரைக் காணலாம்.

நேரில் செல்ல இயலாதவர்க்குத் தொலைபேசி வழியும் உண்டு. 2022 அக்டோபர் 10ஆம் நாள், உலக மனநல நாளன்று, மைய அரசு ‘டெலி மானஸ்’ என்னும் பணியைத் தொடங்கியது. எண் 14416. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை. உறக்கம் வராத மாணவர் அழைக்கலாம்; வீட்டில் ஒருவரைப் பற்றிக் கவலைப்படுபவரும் அழைக்கலாம். மறுமுனையில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல மருத்துவருக்கு இணைப்பார். இருபது மொழிகளில் நடைபெறும் இப்பணியில், அழைப்பவர் தமக்கு வேண்டிய மொழியைத் தொடக்கத்திலேயே தேர்ந்துகொள்ளலாம். பழவங்காடியிலிருந்து அழைக்கும் பாட்டி தமிழிலேயே பேசலாம். அவருடைய பேரன் மலையாளத்திலும் பேசலாம்.